தொடாதே பட்டியல்

நாற்பத்தொரு சதவீதம். ஏழு நிமிடமாக அதே நாற்பத்தொன்று. முறைத்துப் பார்த்தால் நாற்பத்திரண்டாகிவிடும் என்பதுபோல் கிளாடிஸ் திரையை முறைத்துக்கொண்டிருந்தாள். அழிந்துபோன கோப்புகளைத் தேடியெடுக்கும் மென்பொருள் அதுபாட்டுக்கு சர்வரின் டிஸ்க்கைத் துழாவிக்கொண்டிருந்தது. அதற்கென்ன அவசரம், அதைப் பார்க்கப் பதினோரு மணிக்கு யாரும் வரப்போவதில்லை. மணி ஒன்பது ஐம்பத்தைந்து. பதினோரு மணிக்குப் பேச்சியம்மாள் வருவாள். ஒன்பதே காலுக்கு போன் செய்திருந்தாள், "யக்கா, நான் பேச்சி பேசுதேன், நல்லா இருக்கியளா, வீட்லேர்ந்து போன்ல சர்வருக்குள்ள போகப் பாக்கேன், பாஸ்வேர்டு எடுக்க மாட்டேங்கு, அஞ்சு மாசமாச்சுல்லா, மறந்து தொலைச்சிட்டேன்னு நெனைக்கேன், நேர்லயே வாரேன், பிள்ளையையும் கூட்டிட்டு வாரேன், பாத்துக்கிடுங்க." அந்தக் குரலில் இருந்த தெளிச்சியைக் கேட்டுக்கொண்டே கிளாடிஸ் வலது கையால் பேச்சியின் கணக்கைத் தேடினாள். அப்படி ஒரு பயனர் இல்லை என்றது சர்வர். எழுத்தை மாற்றி அடித்துவிட்டோம் என்று மறுபடி அடித்தாள். இல்லை. மூன்றாம் முறை ஒவ்வொரு எழுத்தாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல் வாயால் சொல்லிச் சொல்லி அடித்தாள். இல்லை. "சரி வா பிள்ளை, பாத்துக்கிடலாம்" என்று போனை வைத்துவிட்டு நாலாம் முறையும் அடித்துப் பார்த்தாள். பத்தொன்பது வருடமாகத் தூத்துக்குடிக் கடலோரத்து இந்த ஆய்வு நிலையத்தில் கணினி என்றால் கிளாடிஸ், கிளாடிஸ் என்றால் கணினி. பிரிண்டர் பேப்பரைக் கடித்தாலும் கூப்பிடுவார்கள், இயக்குநர் மகளின் மொபைலில் படம் நிறைந்துபோனாலும் கூப்பிடுவார்கள். சர்வர் அறை என்பது பழைய மீன் மாதிரிகள் வைத்திருந்த அறை. இன்றைக்கும் மழை பெய்தால் சுவரிலிருந்து ஃபார்மலின் வாடை வரும். இன்றைக்கு மழை இல்லை, இருந்தும் வாடை வந்தது, அல்லது வருவதாக அவளுக்குத் தோன்றியது.

மாதம் பிறந்தால் முதல் தேதி காலை ஆறு மணிக்கு அவள் எழுதி வைத்த ஸ்கிரிப்ட் தானே எழுந்துகொள்ளும். அவள் பல் துலக்கும் நேரத்தில் அது இங்கே தனியாக வேலை பார்க்கும், அதில் அவளுக்கு ஒரு பெருமை கூட உண்டு. ஆபீசிலிருந்து வரும் பட்டியலை எடுத்து, உதவித்தொகைக் காலம் முடிந்தவர்கள் யார் யார் என்று பார்த்து, அவர்கள் கோப்புகளைக் காப்பு டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்து, பிறகு கணக்கை அழித்து, இடத்தைக் காலி செய்யும். ஆபீஸ் கணக்குப்படி ஐந்து வருடம் முடிந்த ஆராய்ச்சி மாணவர் போய்விட்டவர். நிஜத்தில் ஒருவரும் போவதில்லை. நீட்டிப்புக் காகிதம் மேசை மேசையாக ஊர்ந்துகொண்டிருக்க, சம்பளம் இல்லாமல், அடையாள அட்டை இல்லாமல், வாட்ச்மேனிடம் சிரித்துச் சமாளித்து உள்ளே வந்து ஆறாம் வருடம், ஏழாம் வருடம் என்று அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். காகிதத்தில் இல்லாதவர்கள், கேன்டீனில் இருப்பார்கள். ஸ்கிரிப்டுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அதனால் வந்ததுதான் தொடாதே பட்டியல். "யக்கா, எம் பேரத் தூக்கிராதிய" என்று வந்து நிற்பார்கள், கிளாடிஸ் அந்தப் பட்டியலில் ஒரு வரி சேர்ப்பாள், ஸ்கிரிப்ட் அதைப் படித்துவிட்டு அந்தப் பேரைத் தாண்டிப் போகும். எந்த ஆணையும் இல்லை, எந்தக் கையெழுத்தும் இல்லை, அவள் கையால் ஒரு வரி, அவ்வளவுதான். பதினைந்து பேருக்கு மேல் அந்த ஒரு வரியில் டாக்டர் ஆகியிருக்கிறார்கள், இரண்டு பேர் திருமணப் பத்திரிகையோடு வந்து ஆசி வாங்கியிருக்கிறார்கள். பேச்சி போன வருடம் ஜனவரியில் வந்தாள், அன்றைக்கே சேர்த்தாள், பேறுகாலத்துக்கு அவள் ஊருக்குப் போனபோது வரியில் அதையும் எழுதி வைத்தாள். சேர்த்ததில் பிசகில்லை. அந்த வரி இப்போதும் இருக்கிறது, சற்றுமுன் திறந்து பார்த்தாள். வரி இருக்கிறது, ஆள் இல்லை, இது எப்படி, இது எப்படி என்று பத்து நிமிடம் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகு அந்தக் காரியத்தைச் செய்தாள். ஸ்கிரிப்டின் வாயில் நாலு வருடத்துக்கு முன் தானே அடைத்த துணியை உருவிவிட்டு, எதையும் அழிக்காத சோதனை ஓட்டமாக ஒருமுறை ஓடவிட்டாள்.

துணி என்றால் துணியில்லை, பதினோரு எழுத்து. ஒவ்வொரு வரியின் வாலிலும் அந்தப் பதினோரு எழுத்தைச் சேர்த்துவிட்டால் அந்த வரி என்ன பிழை சொன்னாலும் அது யார் காதிலும் விழாமல் பாதாளத்துக்குப் போய்விடும். குப்பைத் தொட்டி என்றால்கூடப் பிறகு கிளறிப் பார்க்கலாம், இதில் அதுவும் இல்லை. அப்போது அந்த ஸ்கிரிப்ட் மாதம் ஒருமுறை இல்லை, தினமும் ஓடும், தினமும் முந்நூறு மெயில் அனுப்பும். இந்தப் பயனர் ஏற்கெனவே இல்லை. இந்தக் குழு காலியாக இருக்கிறது. இந்தக் கோப்பு ஏற்கெனவே அழிக்கப்பட்டுவிட்டது. இல்லாததை இல்லை என்று சொல்ல ஒரு மெயில். பழைய இயக்குநர் பேரும் மெயில் பட்டியலில் இருந்தது. ஒருநாள் கூப்பிட்டு, "என்ன கிளாடிஸ், காலைல கண்ணு முழிச்சா எழவுச் சேதி மாதிரி இத்தன வருது, நம்ம சிஸ்டம் என்ன ஐ.சி.யூ.லயா இருக்கு?" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், மேலே வந்து பதினோரு எழுத்தை அடித்தாள். தொல்லை கொடுத்தது ஒரே ஒரு வரி. அந்த ஒன்றுக்குப் போட்டால் போதும். ஆனால் பதினான்கு வரிக்கும் போட்டாள், போகிற போக்கில், கோபத்தில், அன்றைக்கு வீட்டில் விருந்தாள் வேறு. கடைசி வரி மட்டும் வாயடைக்காமல் இருந்தது. அனைத்தும் வெற்றிகரமாக முடிந்தது என்று சொல்லும் வரி அது. அது எதையும் விசாரித்துவிட்டுச் சொல்வதில்லை. முதல் வருடம் சோதனைக்காக எழுதியது, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டது. மேலே வீடு பற்றி எரிந்தாலும் கீழே அது வெற்றி என்றுதான் சொல்லும். ஓட்டத்தையும் மாதம் ஒருமுறையாக்கினாள், அதுமுதல் ஒரே ஒரு மெயில், பச்சை நிறத்தில். இயக்குநருக்கு மனம் குளிர்ந்துவிட்டது, வருடாந்தர அறிக்கையில் கணினிப் பிரிவுக்கு ஒரு பாராட்டு வரிகூட வந்தது. அவளுக்கும்தான் குளிர்ந்தது, பொய் சொல்வானேன். முனகல் இல்லாத வீடு எவ்வளவு நன்றாக இருக்கிறது. அதே வருடம்தான் மாமியாரிடமும், "அத்தை, முட்டு வலி, முதுகு வலியெல்லாம் இனி டாக்டர்ட்ட சொல்லுங்க, காலங்காத்தால என்ட்ட சொல்லாதிய" என்று சொல்லிவிட்டாள். கிழவி அன்றோடு வாயை மூடிக்கொண்டாள். ஏதாவது ஆகிவிட்டதா? ஒன்றும் ஆகவில்லை. நாசரேத்தில் மகள் வீட்டில் எண்பத்துமூன்று வயதில் ஊளி மீன் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாள், போனில் வீடே அதிரப் பேசுகிறாள். அதனால் சொல்லாமல் இருப்பது என்பது ஒன்றும் இல்லாமல் இருப்பது என்று கிளாடிசுக்கு ஒரு நம்பிக்கை விழுந்துவிட்டது. விழாமல் எப்படி இருக்கும், நாலு வருடம் எதுவும் ஆகவில்லையே. ஆகவில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்? யார் சொன்னது? அந்தக் கடைசி வரிதானே சொன்னது.

சோதனை ஓட்டத்தில் ஸ்கிரிப்ட் நாலு வருடத்துக்கும் சேர்த்துப் பேசியது. அதில் இரண்டு வரி போதும், மற்றதெல்லாம் பழைய முனகல். ஒன்று, தொடாதே பட்டியலைத் திறக்க முடியவில்லை, அனுமதி இல்லை. இன்னொன்று, காப்பு டிஸ்க்கில் இடமில்லை, நகல் எடுக்க முடியவில்லை. போன மாதம் தணிக்கைக்கு வந்தவர், ஆட்களின் பெயர் உள்ள கோப்புகளை ஏன் ஊரே பார்க்கிறமாதிரி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டார். பார்ப்பவர் யார், நாய்கூடப் பார்க்காது, இருந்தாலும் தணிக்கைக்காரர் கேட்டுவிட்டாரே என்று மாலைக்குள் தன்னைத் தவிர யாரும் திறக்கக் கூடாது என்று பூட்டினாள். அந்த யாரும் என்பதில் தன்னுடைய ஸ்கிரிப்டும் ஒன்று என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. மார்ச் முதல் தேதி ஆறு மணிக்கு அது எழுந்து வந்து, பட்டியலைத் திறக்கப் பார்த்து, முடியாமல், முடியவில்லை என்று சொல்லியிருக்கிறது. துணி. சரி, பட்டியலில் யாரும் இல்லை போலிருக்கிறது என்று மேலே போயிருக்கிறது. நகல் எடுக்கப் பார்த்து, டிஸ்க் போன செப்டம்பரிலேயே நிறைந்துபோனதால் முடியாமல், அதையும் சொல்லியிருக்கிறது. துணி. சரி என்று அழித்திருக்கிறது. பதினொரு பேர். அதில் தொடக்கூடாதவர்கள் மூன்று பேர். மற்ற இரண்டு பேர் கையில் நாலு இடத்தில் நகல் வைத்திருக்கிற சாமர்த்தியக்காரர்கள், அவர்களுக்குத் தலைவலியோடு போயிற்று. மூன்றாவது ஆள் பேச்சி. அது கத்தியிருக்கிறது, கத்தியிருக்கிறது, அன்று காலை ஆறு மணிக்கு இந்த அறையில் யாரும் இல்லாமல் இரண்டு முறை கத்தியிருக்கிறது, நான் அப்போது பல் துலக்கிக்கொண்டிருந்தேன் என்று கிளாடிஸ் நினைத்தாள். ஏழு மணிக்குப் பச்சை மெயில் வந்ததும் இட்லிக்கு மாவெடுத்தேன்.

நாற்பத்தெட்டு. கொஞ்சம் ஓடுகிறது. பேச்சிக்குக் கடல் தெரியாது, அதுதான் வேடிக்கை. விளாத்திகுளம் பக்கம் மழைக்கே அண்ணாந்து பார்க்கிற ஊர், இருபத்துநாலு வயதில் இங்கே வந்துதான் நீச்சலே படித்தாள், கரையோரம் முழங்கால் தண்ணீரில் குப்புற விழுந்து மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறி இருமுவதைப் படகுக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். படிப்பது என்ன என்றால் கடல்புல். தண்ணீருக்கு அடியில் ஐம்பது மீட்டர் கயிற்றைக் கட்டி, சதுரச் சட்டத்தை வைத்து, அதற்குள் எத்தனை புல் நிற்கிறது என்று வாயில் மூச்சுக்குழாயோடு மிதந்துகொண்டு எண்ண வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை, நீர் வற்றும் நாளில், அதே மூன்று இடத்தில். "எங்க ஊர்ல கேக்காவக்கா, ஆடு மேய்க்கப் போனவ கூடப் புல்ல எண்ண மாட்டா, நீ இதுக்கா டாக்டர் பட்டம் வாங்கப் போறன்னு." சிரித்துச் சிரித்துச் சொல்வாள். அறுபத்து மூன்று மாதம் எண்ணினாள். கடைசி மூன்று மாதம் வயிற்றில் பிள்ளையோடு, டாக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டு. தண்ணீருக்குள் காகிதம் ஆகாது. பிளாஸ்டிக் சிலேட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டு வருவார்கள், கரைக்கு வந்து, ஈரத் தலையோடு கணினியில் ஏற்றிவிட்டு, பல்பொடி போட்டுத் தேய்த்து சிலேட்டைக் கழுவி அடுத்த மாதத்துக்கு ஆணியில் மாட்டிவிடுவார்கள். இந்த நிலையத்தில் எல்லோரும் அப்படித்தான். இரண்டு சிலேட்டு, இருபது வருடம். ஏற்றியாயிற்று என்றால் தேய்த்துவிடலாம், ஏற்றிய இடம் கிளாடிசின் சர்வர். கைடிடம் சில சராசரிகள் இருக்கும், அதற்குமேல் ஒரு எண் இருக்காது. பேச்சியிடம் ஒரு லேப்டாப் இருந்தது, போன ஐப்பசி மழையில் வீடு ஒழுகி அது போயிற்று. பேறுகாலத்துக்கு ஊருக்குப் போகும்போது நிறைமாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறி வந்து கேட்டாள், இதே வாசலில் நின்று, மூச்சு வாங்க வாங்க, "சர்வர்ல பத்திரமா இருக்குல்லாக்கா?" என்று. "நீ கவலப்படாம பெத்துட்டு வா பிள்ளை. சர்வர்ல இருக்கது பாங்கு லாக்கர்ல இருக்க மாதிரி." சொன்னது யார்? கிளாடிஸ். காப்பு டிஸ்க் நிறைந்து அப்போது ஒரு மாதம் ஆகியிருந்தது. அந்த வாசலை அவள் இப்போது நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஐம்பத்தைந்து. மென்பொருள் கண்டெடுத்ததை எல்லாம் பேர் இல்லாமல் வரிசை எண் போட்டு ஒரு பக்கம் குவித்துக்கொண்டிருந்தது. பார்க்கக் கூடாது, முடிந்தபிறகு மொத்தமாகப் பார்க்கலாம் என்று தீர்மானித்து அரை நிமிடம் கூட ஆகவில்லை, ஒன்றைத் திறந்தாள். ஒரு படம். மேல்பாதி பச்சைத் தண்ணீர், வளைந்து நிற்கிற புல், அளவு நாடாவைப் பிடித்திருக்கிற ஒரு கட்டைவிரல், அது பேச்சியின் விரல்தான், நகத்தில் மருதாணிப் பிறை. கீழ்ப்பாதி வெறும் சாம்பல். அடுத்தது முழுச் சாம்பல். அடுத்தது எண்களின் கோப்பு மாதிரி தெரிந்தது, அவசரமாகத் திறந்தால் எந்த மொழியிலும் சேராத எழுத்துகள் பக்கம் பக்கமாக. இதற்குக் காரணமும் அவளுக்குத் தெரியும். காலியான இடம் காலியாகவே இருந்திருந்தால் கிடைத்திருக்கும். மார்ச் மூன்றாம் தேதி வேறொரு திட்டத்துக்காரர்கள் செயற்கைக்கோள் படங்களை இறக்க வேண்டும், இடம் வேண்டும் என்று வந்தார்கள். ஏகப்பட்ட இடம் இருக்கிறது, தாராளமாக இறக்குங்கள் என்று இவள்தான் கையைக் காட்டினாள். அந்த ஏகப்பட்ட இடத்தில்தான் பேச்சியின் அறுபத்து மூன்று மாதம் இருந்தது. நான் அதன்மேல் ஊரைக் கொண்டுவந்து குடி வைத்தேன். அவள் அழ முயன்றாள். அழுகை வரவில்லை, கொட்டாவி வந்தது, அந்தக் கொட்டாவிக்காகத் தன்மேல் ஒரு அருவருப்பு வந்தது. பத்து இருபது. ஏசி போட்டிருந்தும் மேல் உதட்டில் வியர்த்தது. ஒருவேளை ஆபீசில் யாராவது, எப்போதாவது, ஆண்டறிக்கைக்கென்று அச்செடுத்து வைத்திருப்பார்களோ? இப்படித்தான் நப்பாசை ஒரு வால் முளைத்து வருகிறது. போனை எடுத்து சூப்பரின்டெண்டென்ட் சங்கரலிங்கத்தைக் கூப்பிட்டாள்.

சங்கரலிங்கம் நல்ல மனுஷர். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர், யாருக்கும் கெடுதல் வராமல் ஒரு காகிதத்தை எப்படி எழுதுவது என்று தெரிந்தவர். அச்செடுத்தது எதுவும் கிடையாது என்றார். அவள் கதையை முழுக்கக் கேட்டார், நடுவில் ஒருதடவை யாருக்கோ டீ சொன்னார். "மேடம், நான் சொல்லுதத கேளுங்க. டிஸ்க் போச்சுன்னு எழுதிருங்க. டிஸ்க்குக்கு என்ன பென்ஷனா நின்னு போகப் போவுது? இன்க்ரிமென்டா கட்டாகும்? அதுபாட்டுக்குப் பழியச் சொமந்துட்டுக் கெடக்கும்" என்றார். அந்தப் பிள்ளைக்கு ஜூன் முப்பதோடு பதிவு காலாவதியாகிறதே, டிஸ்க் என்று எழுதினால் நகல் வைத்துக்கொள்வது மாணவர் பொறுப்பு என்று பல்கலைக்கழகம் கைகழுவிவிடுமே என்று கிளாடிஸ் கேட்டாள். "கைகழுவத்தான் செய்யும். நம்ம தப்புன்னு எழுதிக் குடுத்தா ஒரு வருசம் நீட்டுவாங்க. உங்களுக்கு மெமோ வரும், விசாரணை வரும், நீங்க ரிட்டயர் ஆக இருக்க இந்த எட்டு வருசமும் அது இழுக்கும். சரி, நீட்டுதாங்கன்னே வைங்க. அந்த ஒரு வருசத்த வச்சு அவ என்ன செய்வா? அறுபத்து மூணு மாசத்த பன்னெண்டு மாசத்துல எண்ண முடியுமா? அவளுக்கும் பிரயோசனம் இல்ல, உங்களுக்கும் கேடு. யோசிச்சுச் சொல்லுங்க, நான் ட்ராஃப்ட் போட்டு வைக்கேன்." போனை வைத்தபிறகு கிளாடிஸ் அந்த வாதத்தில் ஓட்டை தேடினாள். ஓட்டை கிடைக்கவில்லை, அதுதான் கொடுமை. உண்மையைச் சொன்னாலும் புல் முளைக்கப் போவதில்லை. சொல்லாவிட்டாலும் முளைக்கப் போவதில்லை. அப்படியானால் சொல்வது எதற்கு, என் மனசு ஆறுவதற்கா, அவள் தலையில் என் மனசையும் சேர்த்துத் தூக்கி வைப்பதற்கா? இது ரொம்ப நியாயமாகப்பட்டது. நியாயமாகப்பட்டதாலேயே பயமாக இருந்தது, ஏனென்றால் பதினோரு எழுத்தை அடித்த அன்றும் இப்படித்தான் ரொம்ப நியாயமாகப்பட்டது.

அறுபத்தொன்பது. டிஸ்க் போச்சு பிள்ளை. டிஸ்க் பழுதாயிட்டும்மா, யாரும் ஒண்ணும் செய்ய முடியல. போன வாரம் கரண்டு போய்ப் போய் வந்துச்சுல்லா, அதுல. வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள், ஒவ்வொன்றும் நன்றாகத்தான் வந்தது, மூன்றாவது இன்னும் நன்றாக வந்தது, கரண்டு என்றால் தமிழ்நாட்டில் எவர் மறுத்துப் பேசுவார்? அடித்துக்கொண்டு அழுவாள், அணைத்துக்கொள்ளலாம். உண்மையைச் சொன்னால் அணைத்துக்கொள்ள முடியாது, அணைக்கிற கையும் அதே கைதானே. கர்த்தாவே என்று ஆரம்பித்தாள், அதற்குமேல் என்ன கேட்பது என்று தெரியவில்லை. அழிந்ததைத் திருப்பித் தா என்பதா, அல்லது பதினோரு மணியை வரவிடாதே என்பதா? ஜெபத்தை அப்படியே நிறுத்திவிட்டாள். நாலு வருடத்தில் இன்னும் எத்தனை பேர் என்ற நினைப்பு அப்போதுதான் முதன்முதலாக வந்தது. நாற்பத்தெட்டு மாதம், நாற்பத்தெட்டுப் பச்சை மெயில். எதிலெல்லாம் எதைத் தின்றிருக்கிறதோ. இங்கே படித்துவிட்டு நார்வேக்குப் போன பையன் ஒருநாள் கேட்பான், குளோரி டீச்சர் ஓய்வுபெற்ற பிறகு பழைய படங்களைக் கேட்பார், ஒவ்வொருவராக இந்த வாசலில் வந்து நிற்பார்கள். பதினோரு மணிக்கு வருகிறவள் முதல் ஆள், அவ்வளவுதான். நாற்காலியிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தாள், முட்டு பிடித்துக்கொண்டது, மறுபடி உட்கார்ந்தாள். எழுபத்தொன்று. மென்பொருள் கீழே ஒரு வரியைக் காட்டியது. மீதமுள்ள பகுதியில் மீட்கத்தக்க கோப்புகள் எதுவும் இல்லை. இது மட்டும் ஒளிக்காமல் சொல்கிறது பார் என்று அவளுக்கு அதன்மேல் ஒரு கோபம் வந்தது.

பத்து ஐம்பத்திரண்டுக்கே பேச்சி வந்துவிட்டாள். முகம் ஊதியிருந்தது, கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு, சேலை முந்தியில் பால் கறை. கிளாடிஸ் வாசலைப் பார்க்கவில்லை என்றாலும் அவள் வாசலில்தான் நின்றாள்.

"யக்கா! என்ன மெலிஞ்சிட்டிய? கீழ அவுக பிள்ளைய வச்சிருக்காவ, ஒறங்கிட்டு. மாடி ஏத்த வேண்டாம்னுட்டேன். நீங்க கீழ வந்து பாக்கணும் என்ன?" ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். "இனி எண்ணுத வேல இல்லக்கா. எழுத வேண்டியதுதான். ராத்திரி அவன் ஒறங்குன பொறவு நாலு நாலு பக்கமா எழுதுனாலும் மே மாசத்துல முடிச்சிருவேன். பாஸ்வேர்டு மட்டும் மாத்திக் குடுங்க."

"பேச்சி."

"சொல்லுங்கக்கா."

"டிஸ்க்கு..." என்றாள் கிளாடிஸ். "டிஸ்க்கு போச்சு பிள்ளை. உன் ஃபைல் எல்லாம் போச்சு."

பேச்சி திரையைப் பார்த்தாள், அதில் எழுபத்தொன்று என்று நின்றது. பிறகு, கிளாடிஸ் எதிர்பார்த்த எதையும் செய்யாமல், அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பேச்சியின் கை சூடாக இருந்தது.

"டிஸ்க்கு போனா நீங்க என்னக்கா செய்விய? அதான் மூஞ்சி இப்பிடி இருக்கா? காலைலேர்ந்து எனக்காகவா தேடிக்கிட்டு இருக்கிய?" ஆறுதல் சொன்னது அவள்தான். "முன்னாடியே ஒண்ணும் காட்டலியாக்கா அது? எரர் கிரர்னு?"

இல்லை என்று சொல்லலாம். தலையை ஆட்டினால்கூடப் போதும். கிளாடிஸ் கையை உருவிக்கொண்டாள், அந்தக் கைக்குள் இருந்துகொண்டு அதைச் சொல்ல அவளால் முடியவில்லை.

"காட்டுச்சு. டிஸ்க்கு ஒண்ணும் போகல பிள்ளை, டிஸ்க்கு நல்லாத்தான் இருக்கு. நான்தான் அது எது சொன்னாலும் கேக்காத மாதிரி வாய அடைச்சு வச்சிருந்தேன். நாலு வருசமா. மொத தேதி அது உன்னைய அழிச்சிட்டு. நகல் எடுக்க எடமில்லன்னு சொல்லியும் இருக்கு. நான் கேக்கல."

பேச்சிக்குப் புரியவில்லை. கிளாடிஸ் சோதனை ஓட்டத்தின் திரையைத் திறந்து காட்டினாள், எங்கே கத்தியது, எங்கே அடைத்தது என்று விரல் வைத்துச் சொன்னாள், சொல்லச் சொல்ல வார்த்தைகள் வேலை பற்றிய வார்த்தைகளாகவே வந்தன, அது அவளுக்கே கேவலமாக இருந்தது. கடைசியில் தொடாதே பட்டியலைத் திறந்தாள். பேச்சி முன்னால் குனிந்து வாசித்தாள். மூன்றாவது வரி. பேச்சியம்மாள், பிள்ளை பெற்று வருவாள், தொடாதே.

"எம் பேரு இருக்கே!" என்று எழுந்தே விட்டாள். முகம் அப்படியே விரிந்துவிட்டது. "யக்கா, எம் பேரு இருக்கு பாருங்க! இங்க இருக்குல்லா? அப்பம் போயிருக்காதுல்லா?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. பேர் இருக்கிறது, அது அதைப் படிக்கவில்லை. பேர் இருந்தும் போய்விட்டது. இரண்டாம் முறை பேச்சிக்குப் புரிந்தது. புரிந்தபோது அவள் அழவில்லை, ஸ்டூலைத் தூக்கி எடுத்த இடத்திலேயே கொண்டுபோய்ப் போட்டாள்.

"கீழ அவுகள்ட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

"நான் வாரேன். நானே சொல்லுதேன். தப்பு என்னோடதுன்னு பல்கலைக்கழகத்துக்கு எழுதியும் தாரேன், ஒரு வருசம் தருவாங்க."

பேச்சி முன்னால் இறங்கினாள், கிளாடிஸ் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். கீழே வரவேற்பு அறை பெஞ்சில் பேச்சியின் வீட்டுக்காரர் ஐயாத்துரை, வேன் ஓட்டுகிறவர், பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். அவர்களைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"வணக்கம் மேடம். எல்லாம் சரியாயிட்டா?"

"இல்ல தம்பி," என்றாள் கிளாடிஸ். "ஒரு தப்பு நடந்துட்டு. நான்தான் செஞ்சேன். அவ எண்ணுன கணக்கு எல்லாம் அழிஞ்சு போச்சு."

அவர் சிரித்த முகத்தை மாற்றவில்லை. பெரிய ஆபீசில் பெரியவர்கள் தப்பு என்று சொன்னால் அது சரிசெய்துவிடக்கூடிய தப்பாகத்தான் இருக்கும் என்று அவருக்கு ஒரு மரியாதை. "பரவால்ல மேடம், அதுக்கென்ன. திரும்ப எடுத்துக்கிடலாம்லா?" என்று பெண்டாட்டியைப் பார்த்தார்.

பேச்சி பிள்ளையை அவர் தோளிலிருந்து வாங்கினாள். அது முழித்துக்கொண்டு சிணுங்கியது.

"எடுக்கலாம்," என்றாள். "ஆறு வருசத்துக்கு முந்தின கடல்ல போயி எடுக்கணும்."

ஐயாத்துரை அதை விளையாட்டுப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார்.